முதலில் பொலிஸா, ஆஸ்பத்திரியா?

வெளிநாட்டில் வேலை என்று அழைத்துப்போய் வதைக்கப்பட்டுத் திரும்பியவர்களின் உடல்நலம் பற்றிப் போன தடவை நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் தங்கச்சி ரியாத்தில் ஒரு வீட்டில் 14 மாதம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாள். கடைசி 8 மாதச் சம்பளம் இல்லை. பாஸ்போட்டும் போனும் வீட்டுக்காரர் கையில்தான் இருந்ததாம். அடித்தார்களா என்று கேட்டால் இல்லை என்கிறாள். ஆனால் இரவில் தூங்குவதில்லை, கதவைப் பூட்டினால் கத்துகிறாள். இதை ஆட்கடத்தல் என்பார்களா? பொலிஸில் என்ட்ரி போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா? (ஏறாவூரிலிருந்து ஓர் அக்கா)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். முடியும். நாளைக் காலையே கூட்டிப்போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க பொலிஸ் துண்டு எதுவும் தேவையில்லை. வழக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அவள் தூங்கி எழும்பி, சாப்பிட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு யோசிக்கலாம்.

ஓபிடியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், "தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னால் ஒரு குளிசை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வரிசை நீளம், டொக்டருக்கு நேரமில்லை. அதனால் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து வந்தவள், அடைத்து வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்தால் டொக்டர் பார்க்கும் விதமே மாறும். இரத்தம் குறைந்திருக்கிறதா, இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருக்கிறதா, முதுகு, பல், தோல், பழைய சூட்டுத் தழும்பு என்று தேடிப் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்று ஓர் அறை இருக்கும். வன்முறைக்கு உள்ளானவர்களோடு பேசப் பயிற்சி பெற்ற தாதி மிஸ்மார் அங்கே இருப்பார்கள். சிங்களத்தில் அதன் பெயர் 'மித்துரு பியச'. போர்டு கண்ணில் படாவிட்டால் இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். தேவையென்றால் மனநலப் பிரிவுக்கு அவர்களே அனுப்புவார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கதவைப் பூட்ட வேண்டாம், கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். "அங்கே என்னதான் நடந்தது, சொல்லு" என்று மச்சாள், மாமி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் மாறி மாறிக் கேட்பதை நிறுத்துங்கள். அடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை என்றும் இருக்கலாம். நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மனதுக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதைச் சாட்டிக் கிளினிக் தவணையைத் தவறவிடக்கூடாது. இன்னொருவருக்குக் கொடுத்த தூக்கக் குளிசையை வாங்கிக் கொடுக்கவே கூடாது.

இப்போது சட்டம். எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 2006இல் திருத்தப்பட்ட 360இ பிரிவுதான் ஆட்கடத்தல் பற்றியது. ஆளைச் சேர்த்தது அல்லது கொண்டுபோனது, அதற்கு ஏமாற்றோ மிரட்டலோ பயன்பட்டது, சுரண்டுவதே நோக்கமாக இருந்தது, இந்த மூன்றையும் அது பார்க்கிறது. அடித்திருக்க வேண்டும் என்று இல்லை. "அவள் விரும்பித்தானே போனாள்" என்று சப் ஏஜென்ட் சொல்வான். அவள் விரும்பிப் போனது சம்பளம் உள்ள வேலைக்கு. அங்கே கிடைத்தது அதுவா?

உடம்பில் தழும்பு இருந்தால் மட்டும் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். தழும்பு மங்கிக்கொண்டே போகும். பொலிஸில் முறைப்பாடு செய்தால் ஒரு படிவம் தருவார்கள், அதோடு சட்ட வைத்திய அதிகாரி, அதாவது ஜேஎம்ஓ, பரிசோதித்து அறிக்கை எழுதுவார். அவள் சம்மதிக்காமல் அந்தப் பரிசோதனை நடக்காது. முறைப்பாட்டுக்கு மனம் வராவிட்டால், அவளுடைய விருப்பத்தோடு திகதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். காயங்களைக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். 2010இல் சவூதியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் உடம்புக்குள் ஆணிகள் இருந்தது நினைவிருக்கும். கம்புறுப்பிட்டிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் நாடே அதை நம்பியது.

வேலைக்குப் போன நாட்டில் ஒருவன் என்னைக் கெடுத்துவிட்டான். வந்து இரண்டு மாதம். எச்ஐவி வந்திருக்குமோ என்று பயம். ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும். (இன்னொரு பெண்)

தங்கச்சி, மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்று இடத்திலும் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. துண்டு வேண்டாம், காசு வேண்டாம், விஷயம் வெளியே போகாது. மட்டக்களப்பு ஆள் கல்முனைக்குப் போவதையும் கல்முனை ஆள் மட்டக்களப்புக்கு வருவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் தவறே இல்லை. எச்ஐவியோடு சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பீ இரண்டுக்கும் பரிசோதனை கேளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆகாவிட்டால் இன்னொரு தடவையும் இரத்தம் எடுப்பார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், முறையே அப்படித்தான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: இப்படி நடந்து 72 மணித்தியாலத்துக்குள் வந்தால் எச்ஐவி தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து இருக்கிறது. கர்ப்பம் தங்காமல் இருக்கவும் குளிசை இருக்கிறது. இரண்டுமே எவ்வளவு சுறுக்காகப் போடுகிறோமோ அவ்வளவுக்கு வேலை செய்யும்.

நான் ஆம்பிளை. கம்ப்யூட்டர் வேலை என்று தாய்லாந்துக்குக் கூப்பிட்டு மியன்மாருக்குள் கொண்டுபோய் விட்டார்கள். டார்கெட் முடிக்காவிட்டால் கரண்ட் அடிப்பார்கள். இப்போது வீட்டில்தான். நான் எங்கே போவது? ஆட்கடத்தல் என்றால் பெண்கள் விஷயம்தானே? (கல்முனைப் பக்கம்)

இல்லை தம்பி. சட்டம் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட இலங்கையர்களில் உங்களைப் போன்ற பொடியன்மார் நிறையப் பேர். நட்பு நிலையம் பெண்களை மனதில் வைத்துத் தொடங்கியது. அங்கே போகக் கூச்சமென்றால் நேரே மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். கரண்ட் அடித்த இடத்தில் விறைப்பு, பிடிப்பு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இங்கே போடவில்லை. அதற்கு மட்டும் பதில். உங்களை வைத்து அவர்கள் யாரோ வயதானவர்களை ஏமாற்றினார்கள் என்பது உங்களை நித்திரையில்லாமல் செய்கிறது. முதுகில் அடி விழும் என்று தெரிந்து தட்டிய வார்த்தைகள் அவை. அந்தக் குற்ற உணர்ச்சியையும் வட்டிக்கு வாங்கிப் போன காசையும் டொக்டரிடம் மறைக்காதீர்கள். கடனை அவர் அடைக்க மாட்டார்தான். ஆனால் அது தெரியாமல் வைத்தியம் செய்தால் பாதி வைத்தியம்தான் நடக்கும். உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தால் 1926க்கு எந்த நேரமும் எடுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். ஆளைக் கொண்டுபோக வேண்டிய நிலை என்றால் 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு வந்திருக்கிறாள். கலியாணம் ஆகவில்லை. கலைக்க முடியுமா? பிள்ளை கேட்டு ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். (ஒரு தாய்)

தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே எங்கள் நாட்டுச் சட்டம் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஐந்து மாதத்தில் எங்கேயாவது ஒளித்துச் செய்யப்போனால் பிள்ளையோடு தாயும் போய்விடக்கூடும். அதை மட்டும் செய்யாதீர்கள். கர்ப்பிணிக் கிளினிக்கில் கலியாணச் சான்றிதழ் கேட்பதில்லை. உங்கள் மிட்வைஃபைத் தனியாகச் சந்தியுங்கள், பதிவு அட்டை போடுவார்.

பிள்ளையைக் கையிலே கொடுத்து அனுப்புவது குற்றம். அதற்குக் காசும் கைமாறினால் அதுவே இன்னோர் ஆட்கடத்தல். வளர்க்க முடியாது என்று மகளே முடிவெடுத்தால் நன்னடத்தைத் திணைக்களம் மூலமாக, நீதிமன்றத்தின் வழியாகத்தான் தத்துக் கொடுக்கலாம். முடிவு மகளுடையது, அம்மா. உங்களுடையதோ அந்தத் தம்பதியினுடையதோ இல்லை.

நான் ஒரு மிட்வைஃப். பிரசவித்த தாயைப் பார்க்கப் போன வீட்டில் மலையகத்துப் பிள்ளை ஒன்று வேலை செய்கிறது. 15 வயது என்றது. கையில் சூட்டுக் காயம்.

15 வயதுப் பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது, 2021இல் ஆகக் குறைந்த வயது 16 ஆக்கப்பட்டது. வீட்டுக்காரியிடம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை அங்கே இருக்காது. சிறுவர் உதவி இலக்கமான 1929க்குச் சொல்லுங்கள். உங்கள் எம்ஓஎச்சிடமும் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். சிறுவர் விஷயத்தில் ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுவந்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பிள்ளையே சம்மதித்து வந்தது என்ற கதை எடுபடாது.

ஆட்கடத்தலுக்குச் செயலணி இருக்கிறது, செயல்திட்டம் இருக்கிறது என்று கொழும்பில் சொல்கிறார்கள். இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? (ஓய்வு பெற்ற கிராம சேவகர்)

ஐயா, கேள்வியில் காரம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. தேசிய செயலணி 2010இல் வந்தது. ஆட்கடத்தலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் நெறிமுறையை 2015இல் ஏற்றுக்கொண்டோம். பாதிக்கப்பட்டவரை எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் அனுப்புவது என்ற நடைமுறை ஏடும் அதே ஆண்டில் வந்தது. 2021 முதல் 2025 வரைக்கு ஒரு செயல்திட்டமும் போட்டார்கள். பாதிக்கப்பட்டவரைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023இல் புதிதாக்கப்பட்டது. வைத்திய உதவி பெறும் உரிமையும் அதில் இருக்கிறது. ஆக, காகிதத்துக்குக் குறைவில்லை.

குறை எங்கே என்றால், ஒரு பெண் தன் கதையை ஏயர்போட்டில் சொல்கிறாள், பொலிஸில் சொல்கிறாள், பிரதேச செயலகத்தில் சொல்கிறாள், ஓபிடியில் சொல்கிறாள், ஜேஎம்ஓவிடம் சொல்கிறாள். ஐந்து இடத்திலும் முதலிலிருந்து. ஓர் இடத்தில் எழுதியது அடுத்த இடத்துக்குப் போவதில்லை. மூன்றாவது இடத்தோடு அவள் வருவதை நிறுத்திவிடுகிறாள். நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்கும் நட்பு நிலையத்துக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான். அந்தத் தாழ்வாரத்தைக் கடக்க ஒரு துண்டுக்கு நாலு நாள் எடுத்தது. கையெழுத்து வைக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

காரியம் சரியாக நடந்த இடங்களில் ஒரே ஆள் பின்னாலேயே நின்றிருக்கிறார். சில இடத்தில் மிட்வைஃப், சில இடத்தில் நட்பு நிலைய மிஸ், இன்னும் சில இடத்தில் பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர். அவர் போன் எடுத்து "நான் அனுப்பிய பிள்ளை வந்ததா?" என்று கேட்பார், அவ்வளவுதான். நீங்கள் ஊரில் மதிப்பான ஆள். அந்தப் போனை நீங்களும் எடுக்கலாம், அந்தப் பெண் சம்மதித்தால்.

அதோடு, திரும்பி வந்தவர் வீட்டில் ஒரு பைல் தொடங்கச் சொல்லுங்கள். பாஸ்போட் கொப்பி, விசா, ஏஜென்சிக் காகிதம், கிளினிக் கொப்பி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் எல்லாம் அதில். முதல் பக்கத்தில் என்ன நடந்தது என்று அவளே, அல்லது அவள் சொல்ல இன்னொருவர், ஒரு பக்கம் எழுதட்டும். அடுத்த கவுண்டரில் வாயால் சொல்லாமல் அந்தப் பக்கத்தை நீட்டலாம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விசிட் விசாவில் போனேன். எனக்கு மருந்து தருவார்களா?

தருவார்கள். ஆஸ்பத்திரியில் விசாவை யாரும் கேட்கப்போவதில்லை. பதிந்து போனவர்களுக்குப் பணியகத்தின் காப்புறுதி இருக்கிறது, அது உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் உங்களை அப்படி அனுப்பிய ஏஜென்ட் மீது பணியகத்தின் 1989 என்ற போன் இலக்கத்தில் முறையிடலாம். பதியவில்லையே, என்னைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து அவனைச் சும்மா விட்டுவிடாதீர்கள். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர் இருக்கிறார், முறைப்பாட்டை எழுத உதவுவார். போகும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.