ராணுவத்தில் இருந்தபோது நீங்கள் தூக்கிய ஆயுதங்களில் எது இன்றும் மனதில் நிற்கிறது?

எஸ்எல்ஆர் ரைபிள். யோசிக்கவே வேண்டாம்.

1980களின் தொடக்கத்தில் நீலகிரி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் ரெக்ரூட்டாகச் சேர்ந்து, அதற்கு அடுத்து வந்த இன்சாஸ் ரைபிள் கைக்கு வந்தபின் ஹவில்தாராகப் பென்ஷன் வாங்கியவன் நான். ஊர் வேலூர் பக்கம். இங்கே தெருவுக்கு நாலு எக்ஸ்-சர்வீஸ்மேன் இருப்போம். கேண்டீன் வரிசையில் நின்றால் போதும், இந்தப் பேச்சு தானாக வந்துவிடும். அதில் பாதி எங்கள் இருபது வயதைப் பற்றிய பேச்சு. அதைக் கழித்துவிட்டு எழுதப் பார்க்கிறேன்.

எஸ்எல்ஆர் என்பது பெல்ஜியத்துக்காரர்களின் ஃபால் ரைபிளைப் பார்த்து நம் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. 7.62 மி.மீ. ரவுண்டு (தோட்டா), மேகஸினில் 20. நீளம் ஏறத்தாழ மூன்றே முக்கால் அடி, ரவுண்டு போட்டால் ஐந்து கிலோ அளவுக்கு வரும். ட்ரிகரை ஒரு தரம் அழுத்தினால் ஒரே ஒரு குண்டுதான், தொடர்ந்து சுடாது. தோளில் இறுக்கிப் பிடிக்காதவனுக்கு மறுநாள் தோள்பட்டை கறுத்திருக்கும். ஆனால் 300 மீட்டரில் பட்டால் பட்டதுதான், இரண்டாவது குண்டு தேவைப்படாது.

சுட்டதைவிட அதைக் கழற்றி மாட்டியதுதான் அதிகம். 'கோல், ஜோட்' (கழற்று, சேர்) என்று பயிற்சி தரும் உஸ்தாத் கத்தக் கத்த, கண்ணைக் கட்டிக்கொண்டு கூடப் பிரித்துச் சேர்ப்போம். முன்னால் கேஸ் பிளக் என்று ஒன்று உண்டு. அதைத் தலைகீழாக மாட்டிவிட்டால் பிஸ்டனுக்குக் கேஸ் போகாது, அடுத்த குண்டு தானாக ஏறாது, ஒவ்வொரு குண்டுக்கும் இடது கையால் இழுத்துக் காக் பண்ண வேண்டியதுதான். ரேஞ்சில் ஒருத்தன் அப்படி மாட்டிக்கொண்டு முழித்தால் மொத்த செக்‌ஷனுக்கும் ரகடா, அதாவது உடம்பு நோகும் தண்டனை. அழுக்கேறி ரைபிள் மந்தமானால் ரெகுலேட்டரைக் கொஞ்சம் திருகிக் கேஸைக் கூட்டிக்கொள்ளலாம். இந்த மாதிரிக் கைவைத்தியம் உள்ள ஆயுதத்தின் மேல்தான் ஆளுக்குப் பாசம் வருகிறது என்பது என் எண்ணம்.

ஃபயரிங் முடிந்ததும் காலிக் கோக்கா, அதாவது சுட்ட தோட்டாக் கூடு எண்ணிக்கை. ஒன்று குறைந்தாலும் பிளட்டூன் முழுக்கப் புல்லில் மண்டியிட்டுத் தேட வேண்டும். அப்புறம் புல்த்ரூ என்ற துடைக்கும் கயிற்றில் சிந்தித் துணியை, அதாவது கிழிசல் துண்டைக் கோத்து பேரலை இழுத்துக்கொண்டே இருப்போம், ஆயுத அறையான கோத்தின் பொறுப்பு என்சிஓ உள்ளே எட்டிப்பார்த்துத் திருப்தியாகும்வரை.

என்னைவிட மூத்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். 1962 சீனப் போரில் நேஃபாவில், இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தில் நின்றவர், சாப் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு எஸ்எல்ஆருக்கு முந்தைய த்ரீ நாட் த்ரீ ரைபிள்தான் உயிர். பத்து ரவுண்டு, ஒவ்வொன்றுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். எதிரே சீனர்களிடம் தானே ரவுண்டு ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களும் ஆட்டோமேடிக்கும் இருந்தன. அதைச் சொல்லி நாங்கள் சீண்டினால், "துப்பாக்கியக் குறை சொல்லாதடா. போதுமான ரவுண்டும் ஒரு கம்பளிக் கோட்டும் குடுத்திருந்தா அதுவே போதும்" என்பார். நியாயம்தான். பருத்திச் சட்டையோடு அந்த மலையில் ஏற்றப்பட்டவர்கள் அவர்கள். ஆனாலும் அந்தச் சண்டைக்கு அது பழைய ஆயுதம் என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எஸ்எல்ஆருக்கு அதே நிலைமை வந்தது 1987-ல், இந்திய அமைதிப்படை புலிகளோடு மோதிய யாழ்ப்பாணத்தில். தமிழ்ச் சிப்பாயாக அங்கே போய் நின்றது தனிக் கதை, அதை இங்கே அவிழ்க்க மாட்டேன். துப்பாக்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒடுங்கிய ஒழுங்கைகள், பனையோலை வேலிகள், வீட்டுக்கு வீடு மதில். இருபது முப்பது மீட்டரில் ஆள் தெரிவதே பெரிது. அங்கே அந்த நீளப் பேரல் வாசல் நிலையில் இடிக்கும். எதிர்ப்பக்கம் ஏகே, 30 ரவுண்டு, பொழிந்து தள்ளும். 300 மீட்டர் துல்லியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்னால் நம் ராணுவத்துக்குள் ஏகே அதிகமாக வந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

எல்எம்ஜியையும், அதாவது லைட் மெஷின் கன்னையும் விட முடியாது. பழைய பிரென், 7.62-க்கு மாற்றியது. மேகஸின் மேலே நிற்பதால் குறிபார்க்கும் சைட் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பத்துக் கிலோ. நம்பர் ஒன் சுடுவான், நம்பர் டூ மேகஸினும் சூடேறிய பேரலும் மாற்றுவான். நான் நம்பர் டூ. புகழெல்லாம் நம்பர் ஒன்னுக்கு.

கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கச் சுகம், அவ்வளவுதான்.

இன்சாஸை எங்கள் செட்டில் எல்லாரும் திட்டுவார்கள். 1999 கார்கில் குளிரில் பிளாஸ்டிக் மேகஸின் விரிசல் விட்டது, எண்ணெய் முகத்தில் தெறித்தது என்ற புகார்கள் பத்திரிகைகளிலேயே வந்தவை. நான் முழுசாகத் திட்ட மாட்டேன். 5.56 ரவுண்டு சின்னது, அதே கனத்தில் அதிகம் சுமக்கலாம். தோளில் உதை இல்லவே இல்லை. மேகஸின் வழியாக எத்தனை ரவுண்டு மிச்சம் என்று பார்க்கவும் முடியும். திட்டுகிறவர்களில் பலர் அதை நாற்பது வயதில் கையில் வாங்கியவர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது வட்டம் சுற்றிவிட்டது. 2019-ல் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் 716 ரைபிள்களுக்கு ஆர்டர் போனது. அது சுடுவதும் எஸ்எல்ஆரின் அதே 7.62 ரவுண்டுதான். எங்கள் தெருப் பையன் ஒருவன் லீவில் வந்தபோது, "ரவுண்டு கனம் பெரியப்பா, நிறைய எடுத்துட்டுப் போக முடியல" என்றான். அதைக் கேட்டு எங்கள் செட்டுக்கு ஒரே குஷி, நாங்கள் சுமக்கவில்லையா என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டோம். அவன் அசரவில்லை. மேலே ஸ்கோப் மாட்டிச் சுடுவதை விவரித்தான். அந்த ஒன்றுக்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை.