26 இலட்சம் கட்டிய பிறகு கோல்ப் மைதானம் மூடியிருந்தது: ஏஜென்சியிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அப்பா சின்ன வயதில் நுவரெலியா கோல்ப் மைதானத்தில் கெடியாகப் பை தூக்கியவர். அப்புறம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றார். கடலைப் பார்த்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் ஒரு தடவை ஆடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எழுபதாவது பிறந்தநாளுக்கு, டொரொண்டோவில் இருக்கும் தம்பியும் நானும் சேர்ந்து, மொரீசியஸில் ஒரு சொகுசு கோல்ப் ரிசோர்ட்டில் ஐந்து இரவுக்கு ஏற்பாடு செய்தோம். அப்பா, அம்மா, நான், என் கணவர் என நான்கு பேர். கண்டியில் உள்ள ஒரு பயண ஏஜென்சிக்கு மொத்தம் 26 இலட்சம் கட்டினோம். செப்டெம்பரில் 10 இலட்சத்தை வங்கி மூலம் நான் போட்டேன். மிச்சம் 16 இலட்சத்தை நவம்பர் 5ஆம் திகதி தம்பி தன் கிரெடிட் கார்டில் கட்டினான். ‘18 குழி மைதானத்தில் தினமும் ஒரு ஆட்டம்’ என்று அவர்கள் தந்த கையேட்டில் இருக்கிறது.

ஜனவரி 10ஆம் திகதி போய் இறங்கினால், மைதானம் திருத்த வேலைக்காக மூடியிருந்தது. இதை ஒக்டோபர் 14ஆம் திகதியே ஏஜென்சிக்கு மின்னஞ்சலில் அறிவித்துவிட்டோம் என்று ரிசோர்ட்காரர்கள் அதன் பிரதியையும் தந்தார்கள். அப்பா ஐந்து நாளும் வராந்தாவில் உட்கார்ந்து, கிளறிப் போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து கேட்டால், ‘பக்கத்தில் ஒன்பது குழி பார்-3 மைதானம் (மூன்றே அடியில் பந்தைக் குழியில் போடும் அளவுக்குக் குட்டையான மைதானம்) இருந்ததுதானே, நாங்கள் வெறும் ஏஜென்ட், பணம் திருப்பித் தர மாட்டோம் என்று இன்வொய்ஸிலேயே போட்டிருக்கிறோம்’ என்கிறார்கள். ‘கோல்ப் தெரியாத ஆட்களுக்கு எந்த மைதானமாக இருந்தால் என்ன’ என்றும் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். இப்போது ஒரு இலட்சத்துக்கு வவுச்சர் தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். பொலிசுக்குப் போகவா? பேஸ்புக்கில் போடவா? மொரீசியஸில் வழக்குப் போட வேண்டுமா? வந்து ஒன்பது வாரமாகிவிட்டது.

பதில்

டீச்சர், முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். ‘இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற மாதிரி ஒரு வரி அதில் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து விழுந்தால், நான் இனிச் சொல்லப் போகிற எதுவும் உங்களுக்கு உதவாது. ஒரு இலட்சத்து வவுச்சரும் பணமல்ல. அதே ஏஜென்சியிடம் இன்னொரு பயணம் வாங்கினால்தான் அதற்குப் பெறுமதி.

அடுத்தது நாள் கணக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நீங்கள் ஜனவரி 15ஆம் திகதி ரிசோர்ட்டை விட்டிருந்தால் ஏப்ரல் நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது என்று தோன்றும். அதை நம்பி இருக்க வேண்டாம். சித்திரைப் புத்தாண்டு வந்தால் அலுவலகங்களில் ஆள் பிடிப்பதே கஷ்டம். அதோடு, ‘எங்கள் சேவை செப்டெம்பரில் புக்கிங் போட்டதோடு முடிந்துவிட்டது, மூன்று மாதம் எப்போதோ போய்விட்டது’ என்று ஏஜென்சி வாதிடக்கூடும். பயணம்தான் சேவை, அது ஜனவரியில்தான் நடந்தது என்பது நம் பதில். அது சரியான பதில் என்றே நினைக்கிறேன். ஆனாலும் வாதத்துக்கு இடம் கொடுக்காமல் இந்த வாரமே முறைப்பாட்டை அனுப்பிவிடுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். எங்கே கொடுப்பது என்று சந்தேகமிருந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

இன்னும் அவசரமான ஒன்று டொரொண்டோவில் இருக்கிறது. தம்பி கட்டிய 16 இலட்சம் கார்டு வழியாகப் போனது. சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் அந்தக் கொடுப்பனவை மறுத்துக் கேட்க வழி இருக்கிறது. இதற்குப் பொதுவாக 120 நாள் எல்லை. நவம்பர் 5ஆம் திகதியிலிருந்து எண்ணினால் அது கடந்துவிட்டது. ஆனால் முன்கூட்டியே பணம் கட்டி, பிறகு கிடைக்கிற சேவை என்றால் அந்தச் சேவை நாளிலிருந்து எண்ணுவதும் உண்டு. அப்படிப் பார்த்தால் இன்னும் நேரம் இருக்கிறது. தம்பியை இன்றைக்கே வங்கியோடு பேசச் சொல்லுங்கள். கையேடு, இன்வொய்ஸ், ரிசோர்ட் தந்த மின்னஞ்சல் பிரதி மூன்றும் அவர் கையில் இருக்கட்டும். அங்கே ஏதாவது திரும்பக் கிடைத்தால், இங்கே கேட்கும் தொகையில் அதைக் கழித்துவிட வேண்டும். ஒரே நட்டத்துக்கு இரண்டு தரம் வாங்க முடியாது.

சரி, இனி உங்கள் வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஒக்டோபர் 14, நவம்பர் 5. இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைதானம் மூடப்படுகிறது என்று ரிசோர்ட் சொன்ன பிறகு, மூன்று வாரம் கழித்து, அதை உங்களிடம் சொல்லாமலே 16 இலட்சத்தை வாங்கியிருக்கிறார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் திகதியை மாற்றியிருப்பீர்கள், அல்லது வேறு ரிசோர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தரணியாகப் பல வருடங்களாக இப்படியான கோப்புகளைப் பார்க்கிறேன். பெரும்பாலும் ‘எங்களுக்கே தெரியாது’ என்று கைவிரித்துவிடுவார்கள், அதை உடைக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. உங்களிடம் அந்த மின்னஞ்சல் பிரதி இருக்கிறது. கேட்டு வாங்கி வந்தது பெரிய காரியம்.

‘நாங்கள் வெறும் ஏஜென்ட்’ என்ற பதிலுக்கு இதில்தான் மறுமொழி இருக்கிறது. ஒருவருக்காக ஒப்பந்தம் செய்து கொடுக்கும் முகவர், பொதுவாக அந்த ஒப்பந்தத்துக்குத் தானே பொறுப்பாளியாக மாட்டார். அது உண்மைதான். ஆனால் நீங்கள் குறை சொல்வது மைதானம் மூடியிருந்ததைப் பற்றி மட்டுமல்ல. தெரிந்ததைச் சொல்லாமல் பணம் வாங்கியதைப் பற்றி. அது ஏஜென்சி தானே செய்த காரியம். வியாபாரம் செய்கிற எவரும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்ளக் கூடாது என்று அதே 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முறைப்பாட்டில் இந்த வேறுபாட்டை முதல் பந்தியிலேயே எழுதுங்கள். ரிசோர்ட்டின் பிழையை ஏஜென்சியின் தலையில் கட்டுகிறீர்கள் என்ற எண்ணம் விசாரிக்கிற அதிகாரிக்கு வரவே கூடாது.

‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் மனம் மாறிப் பயணத்தை ரத்துச் செய்திருந்தால் அது உங்களைக் கட்டும். இங்கே நீங்கள் எதையும் ரத்துச் செய்யவில்லை. அவர்கள் சொன்னதைத்தான் தரவில்லை. இப்படிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இன்வொய்ஸில் போடும் நிபந்தனைகள் நியாயமானவையா என்று பார்க்க 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடம் தருகிறது. மண்சரிவு வந்து வீதி அடைபட்டுப் பயணம் நின்றிருந்தால் நான் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும். யாராலும் தடுக்க முடியாத காரணத்தால் ஒப்பந்தம் நிறைவேறாமல் போவது வேறு. இது முன்கூட்டியே திட்டமிட்டு, திகதி போட்டு அறிவித்த திருத்த வேலை.

வட்ஸ்அப் பேச்சுகளை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றுவதென்றாலும் பிரதி எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள். எலக்ட்ரோனிக் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தியைச் சட்டம் ஒதுக்கித் தள்ளக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்கிறது.

எவ்வளவு கேட்கலாம்? 26 இலட்சத்தையும் கேட்காதீர்கள். நான்கு பேரும் விமானத்தில் போனீர்கள், ஐந்து இரவு தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள். முழுத் தொகையையும் கேட்டால் மற்ற நியாயங்களும் எடுபடாமல் போகும். சொன்னதற்கும் கிடைத்ததற்கும் இடையிலான பெறுமதி வித்தியாசம்தான் கணக்கு. அதைக் காட்ட, கோல்ப் சேராமல் அதே ரிசோர்ட்டில் அதே மாதத்தில் அறைக்கு என்ன விலை என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். அந்த மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்கு வெளியாட்களிடம் என்ன கட்டணம் வாங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். கோல்ப் மட்டைகளுக்கு முன்கூட்டி வாடகை கட்டியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டையும் சேருங்கள்.

அப்பாவின் மனவருத்தத்துக்கு என்ன விலை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் எனக்கு எழுதியது முழுக்க அதுதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 1972இல் ஜார்விஸ் என்பவர் ஒரு பயண நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. சுவிட்சர்லாந்தில் நத்தார் விடுமுறை, கையேட்டில் சொன்னதில் பல சரியாகக் கிடைக்கவில்லை. அவர் கட்டியது ஏறத்தாழ 63 பவுண்ட். நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது 125 பவுண்ட். கெட்டுப்போன சந்தோஷத்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் உரோம-டச்சு வழியில் வந்தது. ஒப்பந்த மீறலுக்கு அது பொதுவாகப் பணநட்டத்தைத்தான் பார்க்கும், மனநோவுக்குத் தொகை கொடுப்பதில் கை இறுக்கம். ஆகவே இதை நம்பி ஒரு பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக அதை எழுதாமல் விடவும் வேண்டாம். எழுபது வயதில் ஒரு மனிதருக்கு இந்தப் பயணம் ஏன் முக்கியம், ஏஜென்சிக்கு அது முன்பே சொல்லப்பட்டதா என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்.

தொலைபேசியில் ஒருவர் சொன்ன அந்த வார்த்தை எனக்கும் வலித்தது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மொழி, சாதி போன்ற காரணங்களால் ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும் போவதில் யாருக்கும் தடை இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போகும், தனியார் ஏஜென்சிக்கு எதிராக அல்ல. உங்களை இன்னார் என்று பார்த்துத்தான் ஏமாற்றினார்கள் என்று சொல்ல இப்போது கையில் ஆதாரமும் இல்லை. யார் சொன்னது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று மறப்பதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பொலிஸ் விஷயம். சேவை சரியில்லை என்று பொலிசுக்குப் போனால் ‘இது சிவில் பிரச்சினை’ என்று திருப்பி அனுப்புவார்கள். மோசடிக்குத் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். செப்டெம்பரில் வாங்கிய 10 இலட்சத்துக்கு அது பொருந்தாது. நவம்பரில் வாங்கிய 16 இலட்சம் வேறு கதை, உண்மையை நேர்மையற்ற விதமாக மறைப்பதும் ஏமாற்றுதான். ஆனாலும் இப்போது அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மின்னஞ்சல் கவனிக்கப்படாமல் கிடந்தது என்று அவர்கள் சொன்னால், குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் அவர்களுக்குப் போகும். பேஸ்புக்கில் நடந்ததை நடந்தபடி எழுதலாம். ‘கள்ளன்’ என்று எழுதி உரிமையாளரின் படத்தைப் போட்டால், மானநட்ட வழக்குக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மொரீசியஸுக்குப் போகத் தேவையில்லை. அங்கே ஒப்பந்தச் சட்டம் பிரெஞ்சு வழியில் வந்தது, வழக்குச் செலவு பயணச் செலவை விடக் கூடிவிடும். ரிசோர்ட் நேர்மையாக முன்கூட்டியே அறிவித்தும் இருக்கிறது. அவர்கள் உங்களுக்குச் சாட்சி, எதிராளியாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

நுகர்வோர் விவகார அதிகாரசபை இரு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கும். முறைப்பாடு சரி என்று கண்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடும். அதற்கும் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணம் போல அறவிட வழி உண்டு. அங்கே பலன் இல்லையென்றால் கண்டி மாவட்ட நீதிமன்றம். காலாவதி எல்லை எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று, ஒப்பந்தத்துக்கு வெளியே கேட்கும் நட்டஈட்டுக்கு இரண்டு. உங்கள் இன்வொய்ஸ் எதில் சேரும் என்று சண்டை பிடிப்பதை விட, இரண்டு வருடம்தான் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். வழக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், இன்வொய்ஸ் உங்கள் பெயருக்குத்தானே இருக்கிறது? இல்லையென்றால் எனக்கு உடனே அறிவியுங்கள்.

கோரும் தொகை சட்டம் சொல்லும் எல்லைக்குள் வந்தால், நீதிமன்றத்துக்கு முன்பு, பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் இணக்க சபைக்குப் போய், தீரவில்லை என்ற சான்றிதழ் வாங்கியாக வேண்டும். எல்லைக்கு மேலே என்றாலும் அங்கே போவதில் நட்டமில்லை, கட்டணமும் இல்லை. என்னை மாதிரிச் சட்டத்தரணிகள் அங்கே உங்களுக்காகப் பேச முடியாது. அதனால் அப்பாவை அழைத்துப் போங்கள். ‘ஒன்பது குழி இருந்ததுதானே’ என்று ஏஜென்சிக்காரர் சொல்லும்போது, பார்-3 மைதானத்தில் தூரத்து அடிக்கு வேலையே இல்லை, பதினெட்டுக் குழி மைதானம் முற்றிலும் வேறு என்பதை, அந்த மேசையில் இருக்கும் எவரையும் விட நுவரெலியாவில் பை தூக்கிய அவர்தான் நன்றாக விளக்குவார்.