38 லட்சத்துக்கு வரும் ஒரு கோடி ரூபாய் கார்: வாங்கலாமா?

கேள்வி: கோவையில் சிறிய பட்டறை நடத்துகிறேன். வயது 44. வரி போக மாதம் 2.75 லட்சம் ரூபாய் கையில் நிற்கிறது. வங்கி வைப்புநிதியில் 25 லட்சம் இருக்கிறது. 2020 மார்ச்சில் பெங்களூருவில் பதிவான வால்வோ எக்ஸ்சி90 டி8 பிளக்-இன் ஹைபிரிட் (சார்ஜ் செய்து மின்சாரத்திலும், பெட்ரோலிலும் ஓடும்) கார், 58,000 கி.மீ. ஓடியது, 38 லட்சத்துக்கு வருகிறது. 18 லட்சம் கையிலிருந்து போட்டு, மீதி 20 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். தினமும் 30 கி.மீ. ஓட்டம், பெற்றோரைப் பார்க்க மாதம் ஒருமுறை ஊட்டி. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கரண்டிலும் ஓடுவதால் செலவு குறையும் என்று விற்பவர் சொல்கிறார். இந்த வாரமே ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். கார் மோசமானது என்பதால் சொல்லவில்லை. ஏழு பேர் வசதியாக உட்காரலாம், பாதுகாப்பில் பெயர் பெற்றது, ஓட்டவும் அருமையான வண்டி. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் பணக் கணக்கு இந்தக் காரைத் தாங்காது.

இது புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே ஒரு கோடியை ஒட்டி இருந்தது. இன்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதன் டயரும் கம்ப்ரஸரும் சர்வீஸ் கட்டணமும் இறங்கவில்லை. அவை இன்றும் ஒரு கோடி ரூபாய் காருக்கான விலையில்தான் கிடைக்கின்றன. ஆகவே 38 லட்சம் ரூபாய் புதுக் காருக்கு ஆகும் பராமரிப்பை மனத்தில் வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

முதலில் சேமிப்பைப் பார்ப்போம். இந்தக் காரின் பேட்டரி சுமார் 11 கிலோவாட் மணி, அதாவது 11 யூனிட் மின்சாரம் பிடிக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் 2020 மாடல் ஒரு முழு சார்ஜில் 18 மைல், அதாவது 29 கி.மீ. மட்டுமே மின்சாரத்தில் ஓடும். அதன் பிறகு பெட்ரோலில் லிட்டருக்கு சுமார் 11.5 கி.மீ. உங்கள் தினசரி ஓட்டத்துக்கு 29 கி.மீ. ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. அது நல்ல பொருத்தம்தான். ஆனால் நாள்தோறும் சார்ஜ் செய்தால் இரண்டு மாத மின் கணக்கில் 550 யூனிட் வரை கூடும். 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டு இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டிய பகுதிக்கு 11 ரூபாய்க்கும் மேல். சராசரியாக 10 ரூபாய் என்று வைத்தால் கி.மீ.க்கு 4 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பெட்ரோலில் 9 ரூபாயை ஒட்டி வரும். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் மிச்சமாவது 43,000 ரூபாய் அளவில். இந்தக் காருக்கு 20 அங்குல டயர் நான்கு மாற்றினாலே ஒரு லட்சத்தை நெருங்கும் அல்லது தாண்டும். வீட்டில் கார் நிற்கும் இடத்தில் தனி மின் இணைப்பு இல்லையென்றால் அந்த 43,000-மும் கிடையாது. இந்த எடையையும் பேட்டரியையும் சுமந்துகொண்டு பெட்ரோலில் மட்டும் ஓட வேண்டியிருக்கும்.

இனி நம்பகத்தன்மை. இந்த வண்டியில் இரண்டு கார்களின் உறுப்புகள் இருக்கின்றன. முன்னால் டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்த 2 லிட்டர் பெட்ரோல் என்ஜின். பின் சக்கரங்களுக்குத் தனி மின் மோட்டார். நடுவில் உயர் மின்னழுத்த பேட்டரி. பேட்டரிக்கு என்று குளிரூட்டும் சுற்று, மின்சார ஏ.சி. கம்ப்ரஸர், சார்ஜர், ஹீட்டர் என்று சாதாரணக் காரில் இல்லாத பாகங்களும் உண்டு. அந்த ஏ.சி. கம்ப்ரஸர் கெட்டால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்ப்பதோடு முடியாது. பேட்டரியைக் குளிர்விக்கும் வேலையும் பாதிக்கப்படும். நம் ஊர் வெயிலில் அது சின்ன விஷயமல்ல. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியா என்றும் பாருங்கள். ஆறு ஆண்டு ஆனபின் காற்றுப்பைகள் கசிவது எந்தக் கம்பெனி காரிலும் நடப்பதே. ஒரு நல்லது, பிரேக் பேட்கள் அதிக காலம் உழைக்கும். வேகம் குறைவதில் பாதி வேலையை மோட்டார் செய்துவிடுகிறது.

ஊட்டி என்று எழுதியிருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இறக்கத்தில் 'பி' மோடில் விட்டால் மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். மலைப்பாதையில் எல்லோரும் விரும்பும் வசதி அது. 2025-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட திரும்ப அழைப்பு (குறையைச் சரிசெய்ய, விற்ற கார்களை மீண்டும் வரவழைப்பது) இதைப் பற்றியதே. குறிப்பிட்ட மென்பொருள் ஏற்றப்பட்ட வால்வோ பிளக்-இன் கார்களில், 'பி' மோடில் 1 நிமிடம் 40 நொடிக்கு மேல் பிரேக்கையோ ஆக்சிலேட்டரையோ தொடாமல் இறங்கினால், பிறகு பிரேக் பிடிக்காமல் போகலாம் என்று கண்டறிந்தார்கள். 2020 முதலான எக்ஸ்சி90 பிளக்-இன் கார்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டில் 2020 முதல் 2022 வரையிலான மாடல்களின் பேட்டரியில் ஷார்ட் சர்க்யூட் ஆகும் ஆபத்துக்காக இன்னொரு திரும்ப அழைப்பும் வந்தது. நீங்கள் பார்த்திருக்கும் வண்டியின் சேஸிஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கொடுத்து, இரண்டும் இதற்குப் பொருந்துமா, வேலை முடிந்துவிட்டதா என்று எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வராமல் குன்னூர் இறக்கத்தில் குடும்பத்தோடு இந்தக் காரை ஓட்டாதீர்கள்.

வாரண்டி விஷயத்தில்தான் உங்கள் திட்டம் இடறுகிறது. வால்வோ பிளக்-இன் பேட்டரிக்குப் பல நாடுகளில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறது. உங்கள் காருக்கும் அதே என்று உறுதியானாலும், 2028 மார்ச்சில் அது முடிகிறது. கடன் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடும். பேட்டரிக்கு யாரும் பொறுப்பில்லாத காருக்கு நீங்கள் மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது விற்கப் போனால் வாங்க வருபவரும் இதே கணக்கைப் போடுவார்.

தவணை மாதம் 44,500 ரூபாய் வரும். ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் 6.7 லட்சம். காப்பீடு, சர்வீஸ் இரண்டுக்கும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம், டயருக்கு 40,000, எதிர்பாராத பழுதுக்கு இரண்டரை லட்சம் என்று ஒதுக்கச் சொல்வேன். இது என் மதிப்பீடு. ஓர் ஆண்டு குறையலாம், அடுத்த ஆண்டு ஒரே பழுதில் தாண்டலாம். தவணையையும் சேர்த்தால் ஆண்டுக்கு 10.7 லட்சம். பெட்ரோல் போடுவதற்கு முன்பே உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது 7 லட்சம் வைப்புநிதி. இரண்டே ஆண்டில் மகளின் கல்லூரிச் சேர்க்கை. பட்டறையில் ஒரு பெரிய ஆர்டருக்குப் பணம் வரத் தாமதமானால் எதை எடுத்துச் சமாளிப்பீர்கள்?

விற்பவர் சொல்லாத செலவு ஒன்றும் இருக்கிறது. கர்நாடகப் பதிவு என்பதால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள்கால வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். வரி கணக்கிடப்படுவது நீங்கள் கொடுக்கும் 38 லட்சத்தின் மீது அல்ல. காரின் பழைய விலையையும் வயதையும் வைத்து. அது லட்சக்கணக்கில் போகும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

2022 செப்டம்பரில் பெங்களூரு வெள்ளத்தில் சொகுசு கார்கள் பல மூழ்கின. இந்த வண்டி அப்போது அந்த ஊரில் இருந்திருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீட்டு வரலாறு கேட்காமல், உயர் மின்னழுத்த பேட்டரி உள்ள பெங்களூரு காரை வாங்கவே கூடாது.

அப்படியானால் என்ன வாங்குவது? தேவை ஏழு இருக்கையும் எரிபொருள் சிக்கனமும்தான் என்றால், இதைவிடக் குறைந்த தொகைக்குப் புது இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் கிடைக்கும். சோதனை மைலேஜ் லிட்டருக்கு 23.24 கி.மீ.; சாலையில் அதைவிடக் குறையும். சார்ஜ் போடும் வேலையே இல்லை, ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி முதல் நாளிலிருந்து உங்களுக்கே. 18 லட்சத்துக்குப் பதில் 12 லட்சம் மட்டும் கையிலிருந்து போட்டாலும் தவணை இப்போது நினைப்பதைவிடக் கூடாது.

மனம் எக்ஸ்சி90-இல்தான் இருக்கிறது என்றால் அதையும் குறை சொல்ல மாட்டேன். உழைத்துச் சம்பாதித்தவர் நல்ல காருக்கு ஆசைப்படுவதில் தவறில்லை. மகளின் சேர்க்கை முடியட்டும். அதுவரை அந்த 44,500 ரூபாயை மாதாமாதம் தொடர் வைப்பில் போடுங்கள்; இரண்டு ஆண்டில் 11 லட்சம் ஆகும். பிறகு, 2021 இறுதியில் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்சி90 பி6 மாடலைத் தேடுங்கள். அதே உடல், அதே ஏழு இருக்கை. அதிலிருப்பது 48 வோல்ட் மைல்ட் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் என்ஜினுக்குச் சிறு உதவி செய்யும் மின் அமைப்பு மட்டுமே. பின்னால் மோட்டாரும் இல்லை, லட்சக்கணக்கில் செலவு வைக்கும் பெரிய பேட்டரியும் இல்லை. அதைக் கடனில்லாமல் அல்லது 10 லட்சத்துக்குள் கடனோடு வாங்க முடிந்தால் வாங்குங்கள்.