ஹீட்டர் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு வால்பாறையில் இருக்கிறது, தகரக் கூரை. அம்மா படுக்கும் அறை 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி. மார்கழி, தை மாத ராத்திரிகளில் அவரால் குளிர் தாங்க முடிவதில்லை. கடையில் 2000 வாட்ஸ் ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிசு வேணுங்களா? அதுவரை கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இன்றைக்கே அடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். பள்ளிக்கூட அல்ஜீப்ரா போதும்:

வாட்ஸ் = க × வெ

'வெ' என்பது அறைக்குள் வேண்டிய வெப்பநிலைக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். வெளியே 10 டிகிரி, உள்ளே 20 வேண்டும் என்றால் வெ = 10. 'க' என்பது ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் உங்கள் அறை இழக்கும் வெப்பம். அதை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால், அறையை மாற்றிக் கட்டும்வரை அதே எண்தான்.

ஒரு சதுர அடிக்கு, ஒரு டிகிரிக்கு, 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 0.2 வாட்ஸ் விடும். ஜன்னல் கண்ணாடி 0.5, வெறும் தகரம் 0.65. வெளியைப் பார்த்த சுவர் இரண்டு என்று வைத்துக்கொள்கிறேன். 4-க்கு 4 ஜன்னல் போகச் சுவர் 204 சதுர அடி, அதற்கு 41. ஜன்னலுக்கு 8. கூரை 120 சதுர அடி, அதற்கு 78! இடுக்கு வழியாகப் போகும் காற்றுக்கு 18 சேர்த்தால் க = 145. ஆக 1450 வாட்ஸ். சில்லிட்ட சுவர் சூடேறக் கால்பங்கு கூட்டினால் 1800 வந்துவிடும். கடைக்காரர் சொன்னது தப்பில்லை.

ஆனால் பாதிக்கு மேல் வெப்பம் கூரை வழியாகவே போகிறது, அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும். தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டுப் பிளைவுட் சீலிங் அடித்தால் 0.65 என்பது 0.23 அளவுக்கு இறங்கும். கூரையின் 78, 28 ஆகிவிடும்; க = 95. அப்புறம் 950 வாட்ஸ் போதும், கால்பங்கு கூட்டினாலும் 1200-க்குள் அடங்கும். ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 11.6 யூனிட்டுக்குப் பதில் 7.6. இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட், சீலிங் இல்லாவிட்டால் 9 ராத்திரியில் தீர்ந்துவிடும்.

சூத்திரத்தைத் திருப்பியும் போடலாம்: வெ = வாட்ஸ் ÷ க. வீட்டில் ஏற்கெனவே 1000 வாட்ஸ் ஹீட்டர் இருந்தால், இப்போதைய அறையில் 7 டிகிரிதான் ஏற்றும். சீலிங் அடித்த அறையில் 10 டிகிரிக்கு மேல் ஏற்றும்.

தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் ஹீட்டராக வாங்குங்கள், அம்மா தூங்கும்போது தானாக நின்று தானாக ஓடும். 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் ஒயர் சூடாகி உருகும். போர்வை, திரைச்சீலை எதுவும் மூன்றடிக்குள் வர வேண்டாம்.