ஆங்கில உச்சரிப்புக்குத் தாளம் உதவுமா?

கேள்வி: எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆங்கிலப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறார்கள், ஆனால் எல்லாச் சொற்களையும் ஒரே அழுத்தத்தில் ஒப்பிக்கிறார்கள். பாட்டின் வழியாக இதைத் திருத்த முடியுமா?
– அரசுப் பள்ளி ஆசிரியை, திருவையாறு

பதில்: முடியும், ஆனால் பாட்டைவிடத் தாளத்தையே முதலில் கையில் எடுங்கள். தமிழில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எழுத்துகள் தத்தம் மாத்திரையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆங்கிலத்திலோ அழுத்தம் பெறும் அசை ஓங்கி நீள, மற்றவை சுருங்கிவிடுகின்றன. குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறைவதை இலக்கண வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு, ஒலி வேறானாலும், இந்தச் சுருக்கம் முற்றிலும் அந்நியமானதன்று.

உங்கள் ஊரில் அரசு இசைக்கல்லூரியே இருக்கிறது; தவிலோ மிருதங்கமோ பழகும் பிள்ளை வகுப்பில் ஒருவராவது இருக்கக்கூடும். தட்டின் வேகம் மாறாமல், ஒரு தட்டுக்குள் 'தக', 'தகிட', 'தகதிமி' என அடக்கிச் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். பிறகு மூன்றே தட்டில் 'டாக்ஸ் ஈட் போன்ஸ்', அதே மூன்று தட்டில் 'த டாக்ஸ் வில் ஈட் த போன்ஸ்', அடுத்து 'த டாக்ஸ் ஹேவ் பீன் ஈட்டிங் த போன்ஸ்' என்று வகுப்பே சொல்லட்டும். 'ஹேவ் பீன்' வரும்போது சிலர் கூடுதலாக ஒரு தட்டுப் போடுவார்கள். காது கவனிக்கத் தவறும் பிழையைக் கை காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான். தனிச் சொற்களுக்கும் இது பொருந்தும்: 'போட்டோகிராஃப்' என்பதில் தட்டு முதல் அசையிலும், 'போட்டோகிராஃபி'யில் இரண்டாவதிலும், 'போட்டோகிராஃபிக்'கில் மூன்றாவதிலும் விழும்.

ஆங்கிலத்தில் அழுத்தங்கள் சம இடைவெளியில் விழுகின்றன என்ற கருத்தை அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் 1945இல் முன்வைத்தார். பின்னர் கருவிகொண்டு அளந்தவர்கள், இயல்பான பேச்சில் அந்த இடைவெளி அவ்வளவு சமமாக இல்லை என்று கண்டார்கள். ஆகவே தட்டு பயிற்சிக்கு மட்டுமே. உரையாடலுக்கு வந்ததும் அதை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் ஜதி சொல்வதுபோலவே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: என் மகள் ஆங்கிலப் பாடல்களை அழகாகப் பாடுகிறாள். பேசும்போது மட்டும் உச்சரிப்பு ஏன் மாறவில்லை?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மெட்டு, சுருங்க வேண்டிய அசையையும் இழுத்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அந்த இழுப்புதான் முதலில் பழகுகிறது. 1978இல் 'ஜாஸ் சான்ட்ஸ்' என்ற நூலை வெளியிட்ட அமெரிக்க ஆசிரியை கரோலின் கிரஹாமும் மெட்டில் பாடவைக்காமல், அன்றாடப் பேச்சையே தாளத்தோடு சொல்லவைத்தார். உங்கள் மகளும் பாடல் வரிகளை மெட்டில்லாமல் தொடையில் தட்டிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதன்பின் பாடட்டும்.