டிஸ்க் வாங்கியாச்சு, இடம் எங்கே?

கேள்வி: லினக்ஸ் சர்வர் டிஸ்க்கை 100 ஜிபியிலிருந்து 200 ஆக்கப் பணம் கட்டினேன். இடக் கணக்கு காட்டும் டிஎஃப் கட்டளை போட்டால் இன்னும் 100தான். ஏமாந்துவிட்டேனா?

பதில்: டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை போட்டுப் பாருங்கள். டிஸ்க் வரியில் 200, அதன் கீழே பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) வரியில் 100 என்றால் விற்றவர் மேல் குற்றமில்லை. நிலம் வந்துவிட்டது, வேலியை நீங்கள்தான் நகர்த்த வேண்டும். முதலில் பார்ட்டிஷனை நீட்டும் குரோபார்ட் கட்டளை. பிறகு அதற்குள் ஃபைல்களை அடுக்கும் ஃபைல்சிஸ்டத்தை விரிக்கணும்: அது இஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ். ரீபூட் செய்தும் டிஸ்க் வரியே 100 காட்டினால் ரசீதோடு சண்டைக்குப் போங்கள்.

கேள்வி: எக்ஸ்எஃப்எஸ்-ஐப் பெரிதாக்க சர்வரை நிறுத்தி அன்மவுண்ட் செய்யணும் (சிஸ்டத்திலிருந்து கழற்றணும்) என்று ஒருவர் ஆறு மணி நேரக் கூலி வாங்கினார். நியாயமா?

பதில்: அநியாயம். மவுண்ட் ஆகியிருந்தால்தான் அது வளரவே வளரும். வேலை பெரும்பாலும் சில நொடி. பேக்கப் எடுக்க நேரம் போயிருக்கலாம்; அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். பேக்கப்பும் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

கேள்வி: 500 ஜிபி போதும், 2 டிபி வாங்கி எக்ஸ்எஃப்எஸ்-ஐ முழுக்க விரித்துவிட்டேன். சுருக்க முடியுமா?

பதில்: 500-க்கெல்லாம் சுருங்காது. சின்ன டிஸ்க் வாங்கி டேட்டாவை நகலெடுத்து மாறுங்கள். இதை விரிப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

கேள்வி: மாதாமாதம் டிஸ்க் நிரம்புகிறது, மாதாமாதம் கூட்டுகிறேன். எந்தத் திட்டம் லாபம்?

பதில்: எதுவும் வேண்டாம். என்ன நிரம்பியது என்று பார்க்காமல் இடம் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் நானும் அப்படிக் காசைக் கரியாக்கியவன். டிஎஃப் 100 ஜிபி நிரம்பியது என்றது, ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையோ 40 தாண்டவில்லை. நான் இரட்டிப்பாக வாங்கினேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது: நான் அழித்த லாக் (பதிவு) ஃபைலை ஒரு புரோகிராம் இன்னும் திறந்தே வைத்திருந்ததால் அதன் இடம் விடுபடவில்லை. அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்ததும் மொத்த இடமும் திரும்பி வந்தது. அழித்தும் திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் +எல்1 போட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். டிஎஃப் -ஐ கட்டளையையும் போடுங்கள். குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும் ஐநோட் (ஃபைலுக்கு ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிடும். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கிவைக்கும். 1 டிபி டேட்டா டிஸ்க்கில் அதுவே 50 ஜிபி, டியூன்2எஃப்எஸ் -எம் கொண்டு குறைக்கலாம்.

கேள்வி: 4 டிபி டிஸ்க்கில் பார்ட்டிஷன் 2 டிபிக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பழுதா?

பதில்: எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணையாக இருக்கும். ஜிபிடி என்ற புதிய அட்டவணைக்கு மாற்றுங்கள், பேக்கப் எடுத்துவிட்டு. டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.