பிசின் சொட்டிய கார்

கேள்வி: வாசல் வேப்பமரத்தடியில்தான் காரை நிறுத்துகிறேன். பானெட்டிலும் முன்கண்ணாடியிலும் பிசின் சொட்டுச் சொட்டாக இறுகிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பெயின்ட் போய்விடுமோ என்று பயம். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: முதலில் நகத்தை எடுங்கள் சார்! வேப்பம்பிசின் தண்ணீரில் கரையும் ஜாதி. பழைய பனியன் துணியை வெந்நீரில் நனைத்து, அதன்மேல் 10 நிமிடம் போட்டுவையுங்கள். வெல்லப்பாகு மாதிரி இளகிவிடும், அழுத்தாமல் துடைத்தெடுக்கலாம். பானெட் கொதிக்கிற மத்தியானத்தில் வேண்டாம், காலையில் செய்யுங்கள். உங்கள் ஊர் பலாப்பால் என்றால் தண்ணீர் பலிக்காது. சுளை எடுக்கும்போது கையில் தடவுவோமே, அதே தேங்காயெண்ணெய்தான். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவணும். கண்ணாடிக்குச் சோப்புத் தண்ணீர் விட்டு, புது பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டலாம். அதே பிளேடை ஒருமுறை என் கார் கதவிலும் வைத்தேன். கோடு இன்னும் இருக்கிறது.